செகண்டரி பள்ளி ஆசிரியர்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு: யாருக்கு, எவ்வளவு, கொடுக்கத்தான் வேண்டுமா? (இணைய மன்ற உரையாடல்)

ஹாரோ அம்மா

எங்கள் மகள் இங்கே லண்டனில் இந்தச் செப்டம்பரில்தான் செகண்டரி பள்ளியில், அதன் முதல் ஆண்டான 7ஆம் ஆண்டில் சேர்ந்தாள். பிரைமரியில் படித்த காலம் முழுவதும் கிறிஸ்துமஸ் பரிசு எங்களுக்கு ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை. வகுப்புக்கு ஓர் ஆசிரியை, அவருக்கு உதவியாக ஒருவர். டிசம்பர் பிறந்ததும் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது பணம் திரட்டத் தொடங்குவார், நாமும் ஐந்து பவுண்டைப் போட்டு அட்டையில் பிள்ளையின் பெயரைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. இப்போது அவளுடைய கால அட்டவணையைப் பார்த்தால் கணக்கு, ஆங்கிலம், வரலாறு, புவியியல், பிரெஞ்சு, சமயக் கல்வி, இசை, நாடகம், ஓவியம், கணினி, உடற்கல்வி என்று பாடத்துக்கு ஒருவராக நீண்டுகொண்டே போகிறது. அறிவியலுக்கு மட்டும் இரண்டு பேர். இவர்களுக்கு மேல் வகுப்புப் பொறுப்பாளரான டியூட்டரும், 7ஆம் ஆண்டு முழுவதற்கும் பொறுப்பான ஆண்டுத் தலைவரும் இருக்கிறார்கள்.

கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒருவருக்கும் வேண்டாம் என்பது என் கணவரின் கட்சி. செகண்டரியில் யாரும் இதையெல்லாம் செய்வதில்லை, தன்னை வெட்கப்பட வைக்காமல் இருந்தால் போதும் என்பது மகளின் கட்சி. பெற்றோர் குழு என்று ஒன்று இங்கே இல்லை, பள்ளி வாசலில் நின்று பேசிக்கொள்ளும் வழக்கமும் இல்லாததால் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அறிய வழியே இல்லை. செகண்டரியில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் உங்கள் வீட்டு வழக்கத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும். ஆசிரியப் பணியில் இருப்பவர்கள் யாராவது பதில் எழுதினால் இன்னும் நல்லது.

கணக்கு வாத்தியார்

இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில், அரசு நிதியில் அறக்கட்டளை நடத்தும் ஒரு அகாடமிப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துகிறேன் என்பதால் பதில் சொல்லும் உரிமை எனக்கு இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். முதலில் உங்கள் மகள் சொல்வது பெரும்பாலும் சரி. செகண்டரியில் எந்த ஆசிரியரும் பரிசை எதிர்பார்ப்பதில்லை. கணக்கு அல்லது ஆங்கிலம் நடத்துபவருக்கு ஐந்தாறு வகுப்புகள் இருக்கும், வகுப்புக்கு முப்பது பேர் வரை வைத்துக்கொண்டாலும் நூற்றைம்பது பிள்ளைகளுக்குக் குறையாது. இசை, சமயக் கல்வி போன்ற பாடங்களில் ஒரு வகுப்பை வாரத்துக்கு ஒரு முறைதான் சந்திப்பார்கள் என்பதால் அந்த ஆசிரியர்கள் முந்நூறு பிள்ளைகளுக்கு மேல் பார்க்க வேண்டியிருக்கும். இத்தனை பேரில் யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று நினைவில் வைத்திருப்பது நடக்காத காரியம்.

பவுண்டுக் கணக்கில் வாங்கும் பொருள்கள் எங்கே போகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் விடுமுறைக்கு முந்தைய கடைசி வாரத்தில் எங்கள் ஆசிரியர் அறையின் நடு மேசையில் செலிப்ரேஷன்ஸ், ஹீரோஸ், குவாலிட்டி ஸ்ட்ரீட் சாக்லேட் டப்பாக்கள் திறந்தபடி வரிசையாக இருக்கும். மாலைக்குள் செலிப்ரேஷன்ஸ் டப்பாவில் பவுண்டி என்ற தேங்காய் சாக்லேட் மட்டும் மிஞ்சும். அதையும் மறுநாள் காலையில் பதிலி ஆசிரியர் யாராவது தின்றுவிடுவார். எழுத்துப் பொறித்த கோப்பைகள் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே உள்ள அலமாரியில் சேர்ந்து, எது யாருடையது என்று தெரியாமல் பொதுச் சொத்தாகிவிடும். வாசனை மெழுகுவர்த்திகள் அடுத்த ஆண்டுப் பள்ளிச் சந்தையின் குலுக்கல் பரிசு மேசைக்குப் போகும். மனம் நோகச் சொல்லவில்லை, நடப்பது இதுதான்.

என் மேசை இழுப்பறையில் நான் வைத்திருப்பவை அட்டைகளும் கடிதங்களும் மட்டுமே. 9ஆம் ஆண்டு மாணவன் ஒருவன், கோட்டுத் தாளிலிருந்து கிழித்த அரைப் பக்கத்தில், சமன்பாட்டை மூன்றாம் முறை கேட்டபோதும் நீங்கள் பெருமூச்சு விடவில்லை, அதனால்தான் நான்காம் முறையும் கேட்டேன் என்று எழுதிக் கொடுத்தான். அதில் ஒரு எழுத்துப் பிழையும் உண்டு. அந்தத் தாளுக்கு ஈடாக எந்தப் பரிசுக் கூப்பனையும் நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். ஆகவே உங்கள் மகளுக்கு இந்த மூன்று மாதத்தில் உண்மையாகவே உதவிய ஒருவரோ இருவரோ யார் என்று அவளையே கேளுங்கள். அவர்களுக்கு அவளே தன் கையால் நான்கு வரி எழுதட்டும், ஆனால் நான்கு வரியிலும் நடந்த ஒரு விஷயம் இருக்கட்டும். "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும்.

தூத்துக்குடிக்காரன்

வாத்தியார் ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் கடிதம் போதும் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் என்றால் அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் கேக்கும் தட்டில் அடுக்கி, துணி போட்டு மூடி, எந்த மதத்து வீடு என்று பார்க்காமல் தெரு முழுவதும் அனுப்புவோம். அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்பி வருவதும் கிடையாது. இங்கே கூப்பன் கொடுப்பதும் கோப்பை கொடுப்பதும் எனக்கும் பிடிக்காதவைதான்; ஆனால் வீட்டில் செய்த பலகாரத்தை ஆசிரியர் அறைக்கு ஒரு பெட்டியாக அனுப்பினால் யாருக்கு என்ற கேள்வியே எழாதே. இத்தனை பேருக்குத் தனித்தனியாக வாங்கும் செலவும் இல்லை, ஒருவரை விட்டுவிட்டோமே என்ற குறையும் இல்லை. என் மகன் 10ஆம் ஆண்டில் படிக்கிறான். ஒவ்வோர் ஆண்டும் தூத்துக்குடி மக்ரூன் ஒரு பெட்டி அனுப்பி வைக்கிறோம், பள்ளி வரவேற்பறையில் வேலை பார்க்கும் அம்மா என்னைக் கண்டாலே அதைத்தான் விசாரிக்கிறார்.

கணக்கு வாத்தியார்

பொதுப் பெட்டி என்பது நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மக்ரூனில் முந்திரியும் முட்டையும் இருக்கின்றன, முறுக்கில் எள் இருக்கும், மிக்சரில் நிலக்கடலை இருக்கும். இந்த நான்கும் இந்த நாட்டில் ஒவ்வாமைப் பொருள்களாக அறிவிக்கப்பட வேண்டிய 14 வகைகளில் அடங்கியவை. தாளிப்பில் போடும் கடுகுகூட அந்தப் பட்டியலில் உண்டு. பல பள்ளிகள் கொட்டை வகைகளை வளாகத்துக்குள் கொண்டுவரவே கூடாது என்று விதி வைத்திருக்கின்றன. எனவே பிள்ளையின் பையில் வைத்து அனுப்பாமல் நீங்களே வரவேற்பறையில் கேட்டுக் கொடுங்கள், மூடியின்மேல் என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். சீட்டு இல்லாத வீட்டுப் பலகாரத்தைப் பெரும்பாலானோர் தொடத் தயங்குவார்கள். நான் தயங்க மாட்டேன், ஆனால் ஒரே ஆள் தின்று முடிக்கும் அளவுக்கு அனுப்புவது உங்கள் நோக்கமாக இருக்காது.

மதுவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒவ்வோர் ஆண்டும் இது நடக்கிறது. ஆசிரியருக்கு என்று வைன் புட்டியைப் பிள்ளையின் பையில் போட்டு அனுப்பாதீர்கள். இங்கிலாந்துப் பள்ளிகளில் மாணவரின் பையைச் சோதனையிட்டு எடுக்க அனுமதியுள்ள தடை செய்யப்பட்ட பொருள்களில் கத்தியோடும் போதைப்பொருளோடும் மதுவும் சேர்ந்திருக்கிறது. மேலும் வாங்குபவர் குடிப்பவரா, அவருடைய சமயம் என்ன என்பதும் உங்களுக்குத் தெரியாது.

ஈஸ்ட்ஹாம் அப்பா

இழை முழுவதும் என்ன கொடுக்கலாம் என்றே போகிறது. கொடுக்கலாமா என்று கேட்பவர் ஒருவரும் இல்லை. என் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகள் அதிகம். டிசம்பர் மாதத்தில் பண்டிகைக் கம்பளிச் சட்டை போட்டுவரும் கிறிஸ்துமஸ் ஜம்பர் நாளுக்குப் பணம், வகுப்பில் பெயர் சொல்லாமல் பரிசு மாற்றிக்கொள்ளும் சீக்ரெட் சாண்டாவுக்குப் பணம், பள்ளிச் சந்தைக்குப் பணம் என்று ஏற்கெனவே கை நீள்கிறது. இதற்கு மேல் ஆசிரியர் மேசையில் பரிசுப் பைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பதினோரு வயதுப் பிள்ளை அதைக் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்று, பரிசு எதையும் மாற்றுவதில்லை என்று சொல்வது எளிது. 2020இலும் 2021இலும் தேர்வுகள் ரத்தானபோது ஜிசிஎஸ்இ (16 வயதில் எழுதும் பொதுத்தேர்வு), ஏ லெவல் (18 வயதில் எழுதும் பொதுத்தேர்வு) தரங்களை ஆசிரியர்களின் மதிப்பீட்டை வைத்தே வழங்கினார்கள். இன்றும் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கான எதிர்பார்ப்புத் தரத்தை ஆசிரியர்தான் தருகிறார். ஏ லெவல் வரலாற்றில் ஐந்தில் ஒரு பங்கு மதிப்பெண்ணுக்குரிய கட்டுரையைப் பள்ளியிலேயே திருத்துகிறார்கள், தேர்வு வாரியம் அதை மாதிரிக்கு எடுத்துச் சரிபார்க்கும் என்றாலும். ஆசிரியர்கள் நேர்மையானவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் விலையுயர்ந்த பரிசு ஒன்றை வாங்கிக்கொண்ட ஆசிரியர் அந்தப் பிள்ளைக்கு நியாயமாகவே உயர்ந்த தரம் கொடுத்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார்?

பாஸ்டன் தமிழன்

இதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நாங்கள் இருக்கும் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் இது பெற்றோரின் விருப்பத்துக்கு விட்ட விஷயம் இல்லை. அரசுப் பள்ளி ஆசிரியர் பொது ஊழியர் என்பதால் 50 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள பரிசை அவர் ஒரு பெற்றோரிடமிருந்து வாங்கவே கூடாது. வகுப்பாகச் சேர்ந்து கொடுத்தால் 150 டாலர் வரை அனுமதி உண்டு, ஆனால் யார் எவ்வளவு போட்டார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரியக் கூடாது. ஈஸ்ட்ஹாம் நண்பர் சொல்லும் சங்கடம் இந்த விதியால் பெருமளவு தீர்ந்துவிடுகிறது என்பது என் அனுபவம். இங்கே பண்டிகைக் காலத்தில் பெற்றோர் யாரும் இதைப் பற்றி இத்தனை யோசிப்பதில்லை. எல்லை எங்கே என்று எல்லோருக்கும் தெரியும்.

கணக்கு வாத்தியார்

இங்கே அப்படி ஒரே தொகையாக நாடு முழுவதற்கும் எல்லை கிடையாது. ஆனால் விதியே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு பள்ளிக்கும் ஊழியர் நடத்தை விதிகள் இருக்கின்றன; பண்டிகைக் காலத்துச் சிறு அன்பளிப்பு பரவாயில்லை, குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்டதைத் தலைமையாசிரியரிடம் தெரிவிக்க வேண்டும், பணமாக வாங்கக் கூடாது என்பது பொதுவான வடிவம். அகாடமி அறக்கட்டளைகள் பரிசுகளுக்கென்று கொள்கையும் பதிவேடும் வைத்திருக்க வேண்டும் என்று கல்வித்துறையின் கையேடே சொல்கிறது. அந்தத் தொகை பள்ளிக்குப் பள்ளி மாறும். பெரும்பாலும் பள்ளியின் இணையதளத்திலேயே அந்த விதிகள் இருக்கும். அதைப் பார்க்காமல் பெரிய கூப்பனைக் கொடுத்தால் அதைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத் திருப்பித் தரும் சங்கடம் அந்த ஆசிரியருக்குத்தான்.

வகுப்பறையில் மேசைமேல் பைகள் நிற்கும் காட்சி செகண்டரியில் மிக அரிது என்பதையும் ஈஸ்ட்ஹாம் நண்பருக்குச் சொல்ல வேண்டும். பதின்பருவப் பிள்ளைகள் ஆசிரியருக்குப் பரிசு கொடுப்பதை நண்பர்கள் பார்த்துவிடக் கூடாது என்பதில் மிகவும் கவனமாக இருப்பார்கள். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு பையைத் தேடுவதுபோல நின்று, அட்டையை மேசையில் வைத்துவிட்டு ஓடுவார்கள்.

கிராய்டன் தாய்

என் நிலைமை கொஞ்சம் வேறு. மகனுக்கு ஆட்டிசம், இஎச்சிபி (சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்குரிய உதவிகளை வகுக்கும் சட்டபூர்வத் திட்டம்) இருப்பதால் பாடசாலையில் அவனுடன் ஓர் உதவி ஆசிரியை நாள் முழுவதும் இருப்பார். பாட ஆசிரியர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான், ஆனால் அவனைத் தாங்குவது அவர்தான். கால அட்டவணை மாறும் நாள்களில் அவன் நிலைகுலைந்துவிடுவான் என்று அவருக்குத் தெரியும். அதனால் முதல் நாள் மாலையே அஞ்சலட்டை அளவு அட்டையில் மறுநாள் எந்த அறை, எந்த ஆசிரியர், எந்தப் படிக்கட்டு என்று சிறு படங்களாக வரைந்து அவன் பென்சில் பெட்டிக்குள் வைத்துவிடுவார். பச்சைப் படிக்கட்டு என்றால் பச்சை மையிலேயே வரைந்திருப்பார். இதைச் செய்யச் சொல்லி யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவருடைய சம்பளத்திலும் இது சேராது. இந்த நாட்டில் உதவி ஆசிரியர்களின் சம்பளம் எவ்வளவு குறைவு என்பதும், பள்ளி விடுமுறை வாரங்களைக் கழித்துத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள் என்பதும் பலருக்குத் தெரியாது.

பாட ஆசிரியர்களுக்கு நாங்கள் ஒன்றும் கொடுப்பதில்லை. இவருக்கு மட்டும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கட்டாயம் கொடுப்போம். போன முறை தரமான குளிர்காலக் கையுறை ஒன்று. காலையில் வாசலில் நின்று அவன் பேருந்தை எதிர்பார்க்கும்போது அவருடைய கைகள் சிவந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இது சமமா, நியாயமா என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

ஈஸ்ட்ஹாம் அப்பா

அக்கா, உங்களிடம் யார் கேட்பார்கள்? தரம் போடுபவருக்குக் கொடுப்பதைத்தான் நான் கேள்வி கேட்டேன். கையுறை அந்தக் கணக்கிலேயே வராது.

சிக்ஸ்த் ஃபார்ம் பெற்றோர்

ஈஸ்ட்ஹாம் நண்பர் தொட்ட இடம் சிக்ஸ்த் ஃபார்ம் என்னும் கடைசி இரண்டு ஆண்டுகளான 12, 13ஆம் ஆண்டுகளில்தான் மிகவும் கூர்மையாகிறது. என் மகள் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்தபோது அக்டோபர் நடுவிலேயே யூகாஸ் (பல்கலைக்கழக விண்ணப்பங்களைப் பெறும் அமைப்பு) கெடு முடிந்துவிட்டது. மற்றப் படிப்புகளுக்கு ஜனவரியில் முடியும் என்றாலும் பல பள்ளிகள் கிறிஸ்துமஸுக்கு முன்பே பரிந்துரையை எழுதி அனுப்பிவிட முயல்கின்றன. அந்தப் பரிந்துரையை எழுதிக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு அதே வாரத்தில் பரிசு அனுப்புவது, நோக்கம் எதுவாக இருந்தாலும், பார்க்க நன்றாக இல்லை. ஆகஸ்ட் மாதம் முடிவுகள் வந்த பிறகு கொடுப்பது என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். அப்போது ஆசிரியர் தரக்கூடியது ஒன்றும் பாக்கியில்லை, நமக்குப் பெற வேண்டியதும் ஒன்றுமில்லை. மகள் முடிவுத்தாள் வாங்கப் போன நாளில் வேதியியல் ஆசிரியைக்கு ஒரு கடிதமும் செடி ஒன்றும் கொண்டுபோனாள். 11ஆம் ஆண்டுப் பெற்றோருக்கும் இதையே சொல்வேன், ஏனென்றால் டிசம்பரில் ஜிசிஎஸ்இ மாதிரித் தேர்வுத் தாள்களைக் கட்டுக்கட்டாக வீட்டுக்கு எடுத்துப்போகும் ஆசிரியருக்கு அப்போது வேண்டியது தூக்கம்தான்.

சனிக்கிழமைப் பள்ளி

இழையின் பொருளை விட்டு விலகுவதாக எண்ண வேண்டாம், இதுவும் ஆசிரியருக்கான பரிசு பற்றியதுதான். இங்கே எழுதுபவர்களில் பலருடைய பிள்ளைகள் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கும் வருகிறார்கள். அதே செகண்டரி கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, வார நாள்களில் வேறு வேலை பார்த்துவிட்டு, பேருந்துச் செலவுக்குக் காணும் அளவு கொடுப்பனவோடு, சில இடங்களில் அதுவும் இல்லாமல், கற்பிப்பவர்கள் நாங்கள். வார நாள் ஆசிரியருக்குக் கூப்பனா கோப்பையா என்று இத்தனை யோசிக்கும் நம்மவர்கள் எங்களிடம் ரியூஷன் நேரத்தோடு வகுப்பு மோதுகிறது, பிள்ளையை அரை மணிக்கு முன்பே விடுங்கள் என்று மட்டும்தான் கேட்கிறார்கள். பரிசு வேண்டாம், கடிதமும் வேண்டாம். டிசம்பர் கடைசி வகுப்புக்குப் பிறகு நாற்காலிகளைப் பழையபடி அடுக்க நான்கு பெற்றோர் நின்றால் போதும். அடுக்காமல் போனால் கட்டடத்துக்காரர் அடுத்த தவணைக்குக் கதவு திறக்க மாட்டார்.

தூத்துக்குடிக்காரன்

சகோதரி, உங்கள் பள்ளி எந்தப் பகுதியில் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். நாற்காலி அடுக்க நான் வருகிறேன், பெட்டியும் கொண்டுவருகிறேன். சீட்டு ஒட்டித்தான்.

ஹாரோ அம்மா

இத்தனை பேர் பொறுமையாக எழுதியதற்கு நன்றி. நேற்று இரவு மகளிடம் வாத்தியார் ஐயா சொன்னபடி கேட்டேன். டியூட்டர் பெயரைத்தான் சொல்வாள் என்று நினைத்திருந்தேன்; அவள் சொன்னது நூலகரின் பெயரை. முதல் மாதம் மதிய இடைவேளையில் யாரோடு சேர்ந்து சாப்பிடுவது என்று தெரியாமல் நூலகத்திலேயே போய் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. அவர் ஒன்றும் கேட்காமல், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கும் வேலையைக் கொடுத்து, அதே வேலைக்கு இன்னொரு பெண்ணையும் சேர்த்துவிட்டிருக்கிறார். அந்தப் பெண்தான் இப்போது இவளுடைய தோழி. நாங்கள் போட்டிருந்த ஆசிரியர் பட்டியலில் நூலகர் இல்லவே இல்லை.

ஆகவே நூலகருக்கு மகள் எழுதும் கடிதம், அதோடு சிறிய சாக்லேட் பெட்டி ஒன்று. பிரெஞ்சு ஆசிரியருக்கு ஓர் அட்டை. ஆசிரியர் அறைக்குப் பொதுவாகப் பலகாரம், அதுவும் வரவேற்பறையில் கேட்டுக்கொண்ட பிறகு. எல்லோருக்கும் கொடு, இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம் என்ற கணவரையும் இதற்கு ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன். ஒரு கேள்வி மட்டும் மிச்சம்: கடைசி நாளில் கொடுக்கலாமா, முன்பே கொடுக்க வேண்டுமா?

கணக்கு வாத்தியார்

கடைசி நாளை நம்ப வேண்டாம். பெரும்பாலான பள்ளிகள் அன்று மதியமே விட்டுவிடும், காலையிலும் அசெம்பிளியும் வினாடி வினாவுமாகக் கால அட்டவணை கலைந்துதான் இருக்கும். உங்கள் பள்ளி ஏ வாரம், பி வாரம் என்று இரண்டு வார அட்டவணையில் இயங்குகிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் பிரெஞ்சு வகுப்பு கடைசி வாரத்தில் வராமலே போகலாம். அதற்கு முந்தைய வாரத்தின் வகுப்பு முடிவில் அட்டையைக் கொடுத்துவிடுவது பத்திரம். தவறவிட்டால் உறையின்மேல் ஆசிரியரின் பெயரையும் மகளின் டியூட்டர் வகுப்பையும் எழுதி வரவேற்பறையில் விடுங்கள், அவருடைய தபால் அடுக்கில் வைத்துவிடுவார்கள்.

நூலகருக்கான கடிதத்தின் நகலைத் தலைமையாசிரியருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். பள்ளி வரவுசெலவில் வெட்டு விழும்போது முதலில் கேள்விக்குள்ளாகும் பணிகளில் நூலகர் பணியும் ஒன்று. அவர் என்ன செய்கிறார் என்பது மேலிடத்தில் எழுத்தில் இருப்பது அவருக்குச் சாக்லேட்டைவிட உதவும்.